நல்லகாமனின் நான்கு வாக்கியங்கள்

பரவை மார்க்கெட்டில் தக்காளி ஏலம் விடும் நல்லகாமனின் குரல் திண்டுக்கல் ரோட்டில் போகிற பஸ்ஸுக்குள்ளும் கேட்கும். அந்தக் குரல் மூன்று வாரமாகத் தொண்டைக்குள்ளேயே ஒடுங்கிக் கிடந்தது. காரணம், நற்பணிக் கிளப்பின் தலைவர் பதவி.

பதவியேற்பவர் மைக்கில் ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டும். தவறினால் தலைவர் சங்கிலி துணைத்தலைவர் கழுத்துக்குப் போய்விடும். அந்த விதியை எழுதியவர் துணைத்தலைவர் பாலசுந்தரமேதான். மேடைக்குக் கீழே அயிரைமீன் குழம்பைப் பற்றித் தமிழில் உருகுகிறவர்கள், மைக்கைத் தொட்டதும் லண்டனுக்குப் போய்விடுவார்கள்.

ஸ்போக்கன் இங்கிலீஷ் நடத்தும் ரம்யாஸ்ரீதான் தைரியம் சொன்னாள். “இங்கிலீஷுல மொத்தமே நாலு வகை வாக்கியந்தாண்ணே. சொல்றது, கேக்குறது, ஏவுறது, வியக்குறது. வகைக்கு ஒண்ணு மனப்பாடம் பண்ணுங்க, போதும்.”

பண்ணினார். கோட்டு மாட்டிக்கொண்டு மேடை ஏறினார்.

“ஐ யாம் யுவர் பிரசிடென்ட்.” கைதட்டினார்கள். “ஆர் யூ ஹேப்பி?” யெஸ் என்றது சபை. “ப்ளீஸ் ஸ்டாண்ட் அப்.” எதற்கு என்று தெரியாவிட்டாலும் ஆங்கிலத்தில் சொன்னதால் முந்நூறு பேரும் எழுந்தார்கள். “வாட் எ வொண்டர்ஃபுல் ஈவினிங்!”

சரக்கு தீர்ந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பாலசுந்தரம் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்தார்.

அப்போதுதான் நல்லகாமனுக்குப் புத்தியில் தட்டியது: எந்த ஏலமும் ஒருதரத்தோடு முடிவதில்லையே. மார்க்கெட் குரல் தானாகக் கிளம்பியது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

“ப்ளீஸ் ஸ்டாண்ட் அப்” வந்ததும் சபை திகைத்தது. எல்லோரும் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்கள். புரியவில்லை என்று காட்டிக்கொள்ள யாருக்கும் மனம் வரவில்லை. மூட்டுவலிக்காரரான பாலசுந்தரம்தான் வழிகாட்டினார்: உட்கார்ந்து, எழுந்தார். பட்டுச்சேலைகளும் கோட்டுகளும் சரசரவென உட்கார்ந்து எழுந்தன. அவர்கள் ஓயும்வரை நல்லகாமன் ஆற அமரக் காத்திருந்தார்.

மூன்றாம் தரம், கேள்வி முடியுமுன்பே யெஸ் முழங்கியது. உட்கார்ந்து எழுவதில் அலை அலையாக ஒரு ஒழுங்கு வந்துவிட்டது. முன்வரிசையில் மனைவி முனீஸ்வரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கடிகாரம் ஐந்து நிமிடம் பத்து விநாடி காட்டியது. மூச்சு வாங்க, பாலசுந்தரமே சங்கிலியை எடுத்து நல்லகாமன் கழுத்தில் போட்டார்.

பிறகு தன் பதினான்கு பக்க வாழ்த்துரையைப் பிரித்தார். எழுந்து நின்ற சபையோ பிரியாணி வாசத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே பந்திக்கு நடந்துவிட்டது. மிச்சமிருந்தது புதுத் தலைவர் ஒருவர்தான்.

“நீங்க பேசுங்கண்ணே, நான் கேக்குறேன். நிக்கவா, உக்காரவா?”

பாலசுந்தரம் காகிதத்தை மடித்தார். மைக்கை அணைக்க மறந்துபோனார். அதனால் கிளப் வரலாற்றில் முதல் தமிழ் வாக்கியம் மண்டபமெங்கும் ஒலித்தது.

“வா மாப்ள, நெஞ்செலும்பு தீர்ந்துரப் போகுது.”