கதவைத் திறப்பது நான்

அன்று எங்கள் முத்தியால்பேட்டை வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: ராஜவேல் ஆகிய நான், என் தம்பி கன்னியப்பன், அவன் மனைவி அமுதவல்லி, அவர்கள் மகள் கார்குழலி. பெண் பார்க்க வந்தவர்கள் சேதராப்பட்டு விஜயராகவன், அவர் தங்கை சுமலதா, மாப்பிள்ளைப் பையனான அவர் மகன் செம்மல். எதிர்வீட்டு ஜன்னலில் நின்றவர்களை நான் சேர்க்கவில்லை.

கார்குழலி எம்.காம். கடைசி வருஷம். பகலில் கல்லூரி, இரவில் கால் சென்டர். கடல் தாண்டி இருப்பவர்களின் புகார்களைப் பொறுமையாகக் கேட்டுப் பதில் சொல்கிறாள். படிப்புக்கு அவளே கட்டுகிறாள். அன்றும் விடியற்காலையில்தான் வேலை முடிந்து வந்திருந்தாள். மறுநாள் பரீட்சை தொடங்குகிறது. கண்கள் சிவந்திருந்தாலும் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தாள். எங்கள் வீட்டுப் பெண்.

பையனை எல்லோருக்கும் பிடித்திருந்தது, கார்குழலிக்கும்தான். தாம்பூலத் தட்டு என் முன்னால் இருந்தது. மாற்றிக்கொண்டால் சம்பந்தம் உறுதி.

விஜயராகவன் தொண்டையைச் செருமினார். "தப்பா நெனைக்காதீங்க. பொண்ணு விடியக்காலையில எவனோ ஒருத்தனோட கார்ல வந்து எறங்குதாம். பேசிக்கிறாங்க."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். நான் குனியவில்லை. கடைசியாக இறங்குவது பெண்ணாக இருந்தால் வண்டியில் காவலாள் ஒருவர் கூடவே வர வேண்டும், வீட்டுக் கதவு திறந்த பிறகுதான் போக வேண்டும் என்பது அவள் கம்பெனியின் விதி. அந்த ஆள் இராமதாஸ். முதல் நாளே அவருடைய அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தேன். அன்றிலிருந்து கதவைத் திறப்பதும் நான்தான். லுங்கியோடு திறப்பதில்லை, வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை. உழைத்துவிட்டு வருபவளை வீட்டுக்கு மூத்தவன் அப்படித்தான் எதிர்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம் விளக்கிவிட்டு, "பேசுனவங்கள எங்கிட்ட வரச் சொல்லுங்க" என்றேன்.

அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் அதோடு விடவில்லை. "சரி, நிச்சயம் ஆயிட்டா ராத்திரி வேலை வேணாம். படிப்பும் போதும். பரீட்சை எழுதி என்ன ஆவப்போவுது?"

தங்கள் வீட்டுப் பெண்கள் பொழுது போனால் வாசற்படி தாண்டுவதில்லை என்று சுமலதாவும் சேர்த்துக்கொண்டார்.

கார்குழலி செம்மலைப் பார்த்தாள். அவன் சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்பவன்.

"உங்களுக்கு இந்த வாரம் என்ன ஷிஃப்ட்டுங்க?"

"நைட்டு."

"விடியக்காலையில யாரோட வந்து எறங்குவீங்க?"

"கம்பெனி பஸ்சுல, ஊரே ஏறி வரும்" என்று சொல்லிச் சிரித்தான். அப்பா பார்த்த பார்வையில் சிரிப்பு நின்றது.

"நான் பரீட்சை எழுதலாமா? நீங்க சொல்லுங்க."

அவன் தரையைப் பார்த்தான். "அப்பா சொல்றதுதான்."

"அப்ப வேணாம் பெரியப்பா."

சபையில் பெண் முந்திப் பேசுவது எங்கள் வழக்கமில்லை. ஆனால் அவள் குரலை உயர்த்தவில்லை. நான் தட்டை எடுத்து அமுதவல்லியிடம் நீட்டினேன்.

"உள்ள எடுத்துட்டுப் போம்மா. வந்தவங்களுக்குக் காப்பி கொண்டா."

காப்பியைக் குடிக்கவைத்து, தெருமுனைவரை நடந்துபோய் வழியனுப்பினேன். மரியாதையில் குறை வைக்கவில்லை. திரும்பி வந்தபோது கார்குழலி பட்டுப்புடவையை மாற்றாமலே புத்தகத்தைப் பிரித்து வைத்திருந்தாள். எல்லாப் பரீட்சையும் எழுதினாள். வேலைக்கும் போகிறாள்.

மாப்பிள்ளை வீட்டார் பெண்ணை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனதாகத் தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். வேண்டாம் என்று சொன்னது எங்கள் பெண்.