சம்பந்திக்கு எத்தனை உயிர்ப்புள்ளி

வாரம் முழுவதும் ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றுகிற ஒருத்தியை, ஞாயிற்றுக்கிழமை விளையாட்டிலும் உட்கார்ந்து கட்டுப் போடச் சொல்வது எந்த ஊர் நியாயம் என்று அவள் யாரையும் கேட்டதில்லை. நான்கு வருடமாகக் கேட்கவில்லை. கேட்பது என்று முடிவெடுத்த அன்று கையில் நான்கு தாள்களோடு வந்தாள்.

விளையாட்டு நடப்பது ஒரு ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடையின் மாடியில். கடைக்காரரான மெக்கானிக், கழற்றிப்போட்ட பெரிய ஃபிரிட்ஜ் கதவு ஒன்றை இரண்டு ஸ்டூல்களின் மேல் மல்லாத்தி வைத்து மேசையாக்கியிருந்தார். சுற்றிலும் ரப்பர் விளிம்பு இருந்ததால் உருட்டிய பகடை தரையில் விழாது. முட்டை வைக்கும் குழிகளில் ஆளுக்கொரு பகடையைப் போட்டு வைத்துக்கொள்ளலாம். இதைவிட நல்ல மேசை உலகத்தில் கிடையாது என்பது அவர் கட்சி.

அவளுடைய அக்கா வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்; அதனால் எல்லாருக்கும் மாஸ்டர். கதை சொல்வது அவர் வேலை. மற்ற மூவரும் ஆளுக்கொரு பாத்திரமாகி அந்தக் கதைக்குள் நடப்பார்கள். வெட்டு விழுந்ததா, தப்பித்தார்களா என்பதைப் பகடை சொல்லும். ஆளுக்கு இத்தனை உயிர்ப்புள்ளி என்று கணக்கு; அடிபட அடிபடக் குறையும், தீர்ந்தால் சாவு. வீரன், திருடன், மந்திரவாதி என்று பாத்திரங்களுக்கு விதிப்புத்தகத்தில் வகை வகையாகக் 'கிளாஸ்' உண்டு. மெக்கானிக் எப்போதும் வீரன். அவள் கொழுந்தன் எப்போதும் திருடன். அவள் எப்போதும் வைத்தியர். "நீதான் நர்ஸாச்சே" என்று முதல் நாள் சொன்னதோடு அந்த விவாதம் முடிந்துவிட்டது.

மெக்கானிக்கின் வீரன் கதவைக் கண்டால் தட்ட மாட்டான், உடைப்பான். பள்ளத்தைக் கண்டால் எட்டிப் பார்க்க மாட்டான், குதிப்பான். "நர்ஸம்மா இருக்கு" என்பதுதான் அவனுடைய போர்முழக்கம். நான்கு வருடத்தில் அவள் அவனுக்குப் போட்ட கட்டுகளை அவிழ்த்து நீட்டினால் கடைவீதிக்குப் பந்தல் போடலாம்.

பழைய கதை போன வாரம் முடிந்திருந்தது. அடுத்த ஞாயிறு புதுக்கதை. இன்று கிளாஸ் தேர்ந்தெடுக்கும் நாள். அவள் படியேறி வருவதற்குள் மெக்கானிக் அவளுடைய தாளில் 'வைத்தியர்' என்று எழுதியே வைத்திருந்தார்.

"அண்ணே, இந்தத் தடவை நான் வைத்தியர் இல்ல."

"பின்ன?"

"சம்பந்தி."

மெக்கானிக் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார்.

"அப்படி ஒரு கிளாஸ் புத்தகத்துலயே இல்லயே."

"நான் எழுதிட்டு வந்திருக்கேன்."

யோசனை வார்டில் பிறந்தது. குடல்வால் அறுவை முடிந்து படுத்திருந்த ஒரு பையனைப் பார்க்க வந்த சம்பந்தி ஒருவர், "எங்களுக்கு மட்டும் ஏன் கடைசியா போன் பண்ணீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். கட்டிலைச் சுற்றி நின்ற ஆறு பேரும் நோயாளியை அப்படியே விட்டுவிட்டு அவரைச் சமாதானம் செய்ய ஓடினார்கள். டாக்டர்கூட ஒரு நிமிடம் நின்றார். வாளும் வில்லும் மந்திரமும் இல்லாமல் ஒரு வார்டையே நிறுத்திய ஆளை அவள் சலைன் பாட்டிலோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் தாளைப் படித்தாள். எதிரி எதிலாவது குறை வைத்தால் சம்பந்திக்கு ஒரு மனத்தாங்கல் புள்ளி. மூன்று சேர்ந்தால் 'முறுக்கிக்கொள்ளல்': எதிரி ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டுச் சமாதானம் பேச வேண்டும், அந்தச் சுற்றில் அடிக்கக் கூடாது. ஐந்து சேர்ந்தால் 'பழசைக் கிளறல்': எதிரி என்றைக்கோ செய்ததைச் சொல்லிச் சொல்லியே அவன் உயிர்ப்புள்ளிகளைக் கரைக்கலாம்.

"ரொம்ப பலம்," என்றார் மெக்கானிக். "ஒத்துக்க முடியாது."

"அப்ப நீங்கதான் பூதம்," என்றார் மாஸ்டர்.

அந்த மேசையின் வழக்கம் அது. புத்தகத்தில் இல்லாத கிளாஸை யார் எழுதி வந்தாலும், எழுதியவர் அதை ஆடிக்காட்டக் கூடாது; வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். வேறொருவர் தாளை மட்டும் படித்துவிட்டு ஆட வேண்டும். எதிர்ப்புத் தெரிவித்தவர் குகைப்பூதமாகி மோத வேண்டும். பூதம் சுலபமாகச் செத்தாலும் தப்பு, சாகவே வழியில்லை என்றாலும் தப்பு; கிளாஸ் குப்பைக்கூடைக்குப் போகும். மெக்கானிக்கே ஒரு காலத்தில் 'கரன்ட் சாமியார்' என்று ஒன்று எழுதினார். அந்தச் சாமியார் முதல் சுற்றிலேயே பூதத்தையும் தன்னையும் குகையையும் சேர்த்து எரித்துவிட்டார்.

இன்று அவள் தாள் கூடைக்குப் போனால் அடுத்த கதை முடியும்வரை அவள் வைத்தியர். போன கதை நான்கு வருடம் ஓடியது.

ஆடிக்காட்ட மிஞ்சியிருந்தது கொழுந்தன்தான். அவனுக்கு வேலை ஒரு கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை மையத்தில். காலையிலிருந்து மாலைவரை முகம் தெரியாதவர்களிடம் போனில் மன்னிப்புக் கேட்பான்.

மெக்கானிக் தொண்டையைக் கனைத்துப் பூதமானார். "யார்டா அவன், என் குகைக்குள்ள?"

"தொந்தரவுக்கு வருந்துறேங்க," என்றான் கொழுந்தன்.

"தம்பி," என்றார் மாஸ்டர், "நீ சம்பந்தி. உன்னை 'டா' போட்டுக் கூப்பிட்டிருக்கான். குறை பிடி."

"தூங்கிட்டிருந்தவர எழுப்பிட்டேன் மாஸ்டர். யாரா இருந்தாலும் அப்படித்தான் பேசுவாங்க."

அவள் தாள்களைச் சுருட்டி வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

பூதம் கதாயுதத்தால் ஓங்கி அடித்தது. பாதி உயிர் போனது.

"இப்பவாவது?"

"அவர் இடத்துல இருந்து யோசிச்சா..." என்று கொழுந்தன் ஆரம்பித்தான். யோசித்து முடிப்பதற்குள் இரண்டாவது அடி விழுந்தது. "உங்க பொறுமைக்கு நன்றி" என்று சொல்லிவிட்டுச் சம்பந்தி செத்துப்போனார்.

"முடிஞ்சுது," என்றார் மெக்கானிக். "வெத்துவேட்டு. நர்ஸம்மா, வைத்தியர் தாளை எடு."

"இப்பதான் ரொம்ப பலம்னீங்க?"

"இப்ப ரொம்ப பலவீனம்ங்கறேன். எப்படியோ சரியில்லதானே?"

அவள் மாஸ்டர் பக்கம் திரும்பினாள். "அத்தான், ஆளை மாத்திப் பாருங்க. அண்ணே சம்பந்தியா ஆடட்டும்."

மாஸ்டர் யோசித்தார். "அதுவும் சரிதான். வண்டி நின்னா, கோளாறு கிளட்ச்லயா ஓட்டுறவன்கிட்டயான்னு பார்க்க இன்னொருத்தனை ஏத்தித்தான் பார்க்கணும். நான் பூதம்."

மெக்கானிக் வேண்டாவெறுப்பாகத் தாளை வாங்கினார்.

"யாருங்க நீங்க, என் குகைக்குள்ள?" என்றது பூதம், மாஸ்டரின் குரலில், மரியாதையாகவே.

"யாரா? அப்ப நான் வர்றதே உனக்குத் தெரியாது."

"தெரியாதுங்க."

"தெரிஞ்சிருந்தா மட்டும் வாசல்ல ஒரு விளக்கு வச்சிருப்பியாக்கும். மாஸ்டர், இதுக்கு ஒரு புள்ளி. விளக்குக்குத் தனியா ஒண்ணு."

"சரி, உட்காருங்க."

"எதுல?"

"அந்தக் கல்லுல."

மெக்கானிக் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். "கல்லு. எனக்குக் கல்லு. நல்லா இருக்கட்டும். நல்லா இருக்கட்டும்."

பூதம் கதாயுதத்தைக் கீழே வைத்தது. அதற்கப்புறம் எடுக்க நேரமே கிடைக்கவில்லை. சமாதானத்துக்காகக் குகையிலிருந்த புதையலைக் கொண்டுவந்து காலடியில் வைத்தது. "இதை முதல்லயே கொடுக்க மனசு வரல பாரு" என்றார் மெக்கானிக். அது நான்காவது புள்ளி. பூதம் தன்னைக் கை தட்டிக் கூப்பிட்டதாக ஐந்தாவது. அங்கிருந்து பழசைக் கிளறினார். பூதத்தின் தகப்பன் காலத்துச் சங்கதியெல்லாம் வெளியே வந்தது. ஒரு கீறல்கூட விழாமல் பூதம் மடிந்து விழுந்தது.

"செத்துட்டான் பாருங்க," என்றார் மெக்கானிக், இன்னும் உட்காராமல். "போறேன்னு ஒரு வார்த்தை சொன்னானா?"

கொழுந்தன் அவரை வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். மெக்கானிக் அதைக் கவனித்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "அதான் நான் முதல்லயே சொன்னேன். ரொம்ப பலம்."

மாஸ்டர் தீர்ப்புச் சொன்னார். "ஒருத்தன் கையில வண்டி நகரவே இல்ல. இன்னொருத்தர் கையில பிரேக் பிடிக்கல. இது கிளாஸ் இல்லம்மா, ஆளோட குணம். யார் கையில கொடுத்தாலும் விதி ஒரே மாதிரி ஓடணும். டீ குடிச்சு முடிக்கிறவரைக்கும் நேரம் தர்றேன். அதுக்குள்ள திருத்து."

கொழுந்தன் டீ வாங்கப் போனான். அவள் மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள். கீழே கடையில் பழுது பார்த்த ஃபிரிட்ஜ் ஒன்று சோதனைக்காக ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் உறுமும், அப்புறம் தானாக அடங்கும்.

முதல் கோளாறு சுலபமாகப் பிடிபட்டது. குறையை ஆடுகிறவர் கண்டுபிடிக்க வேண்டும் என்று எழுதியதுதான் தப்பு. அதை அடித்துவிட்டு, இருபது முகப் பகடையில் பதினொன்றுக்கு மேல் விழுந்தால் மனத்தாங்கல் என்று எழுதினாள். மனம் இருக்கிறதோ இல்லையோ, பகடை சொன்னால் தாங்கித்தான் ஆக வேண்டும்.

இரண்டாவதுதான் இழுத்தது. சம்பந்திக்கு எல்லாமே வரவாக இருந்தது, செலவே இல்லை. அவள் மறுபடி வார்டுக்குப் போனாள், மனதுக்குள். அந்த மனிதர் கேள்வி கேட்டார், எல்லாரும் ஓடினார்கள், சரி. அதற்கப்புறம்? நாற்காலி கொடுத்தார்கள், வேண்டாம் என்றார். காப்பி கொடுத்தார்கள், வேண்டாம் என்றார். இரண்டாவது முறை கொடுத்திருந்தால் வாங்கியிருப்பார், யாரும் கொடுக்கவில்லை. அவள் டியூட்டி முடிந்து கிளம்பும்போதும் அவர் அதே தூணில் சாய்ந்து, ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டிருந்தார்.

அவள் வேகமாக எழுதினாள்: 'முறுக்கிக்கொண்ட சம்பந்தி, கூட வந்தவர்கள் எந்த உதவி கொடுத்தாலும் முதல் முறை மறுத்தே ஆக வேண்டும்.'

டீ கிளாஸ்கள் காலியாகிக்கொண்டிருந்தபோது உள்ளே போனாள். மாஸ்டர் படித்தார். படித்துவிட்டுக் கடைசி வரிக்குக் கீழே நகத்தால் கோடு போட்டார். அது அவர் அகராதியில் பாராட்டு.

மறுபடி கொழுந்தன் சம்பந்தி, மெக்கானிக் பூதம். மருந்துக்குப்பியோடு ஒரு வேலையாளையும் மாஸ்டர் கூட அனுப்பினார். கொழுந்தன் உருட்டினான். "எனக்கு ஒண்ணும் இல்லீங்க. ஆனா பகடை பதினேழுங்குது. அதனால, மன்னிக்கணும், எனக்கு மனவருத்தம்." இரண்டு முறை பகடை காலை வாரியது, அடி வாங்கினான். மூன்றாம் புள்ளி சேர்ந்து முறுக்கிக்கொண்டபோது உயிர் நூலில் தொங்கியது. வேலையாள் மருந்தை நீட்டினான்.

"குடு குடு," என்றான் கொழுந்தன்.

"வேண்டாம்னு சொல்லணும்," என்றார் மாஸ்டர்.

"சாகப்போறேனே."

"சொல்லணும்."

"வேண்டாங்க," என்றான் அழாத குறையாக. அடுத்த சுற்றில் பூதத்தின் அடி மயிரிழையில் தவறியது. அதற்கடுத்த சுற்றில் மருந்து உள்ளே போனது, பழசு வெளியே வந்தது, பூதம் சாய்ந்தது. ஆளை மாற்றி ஆடினார்கள். இந்தத் தடவை மெக்கானிக், பகடையில் நான்கும் ஆறுமாக விழுந்ததால், அத்தனை குறைகளையும் நெஞ்சுக்குள்ளேயே வைத்துக்கொண்டு செத்தார். அவருக்கு அது தாங்கவில்லை.

"பாஸ்," என்றார் மாஸ்டர்.

மெக்கானிக் வைத்தியர் தாளைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப எனக்கு யாரு கட்டுப் போடுவா?"



அடுத்த ஞாயிறு புதுக்கதை தொடங்கியது. முதல் அறையிலேயே ஒரு பள்ளம், அடியில் ஏதோ மினுங்கியது. பழக்கதோஷம். மெக்கானிக்கின் வீரன் குதித்தான். மினுங்கியவை ஈட்டிகள்.

"உயிர் போயிட்டிருக்கு," என்றார் மாஸ்டர். "மூணு சுற்றுக்குள்ள யாராவது கட்டுப் போடணும்."

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். யோசித்துப் பார்க்கவில்லை, கழுத்து தானாகத் திரும்பியது. அவள் கையும் தானாகக் குழியிலிருந்த பகடையை எடுத்துவிட்டது. எந்த ஊசி, எவ்வளவு அழுத்தம், எந்தப் பக்கம் முடிச்சு என்பது வரை விரலுக்கு வந்துவிட்டது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், மாஸ்டர் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவார். அண்ணன் முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் இன்னும் நான்கு வருடம்.

அவள் பகடையைத் திரும்பக் குழியில் வைத்தாள்.

"சம்பந்திக்கு வைத்தியம் தெரியாது அண்ணே."

"தெரியும்மா உனக்கு."

"எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது."

மூன்று சுற்றும் போயின. வீரன் இறந்தான். மெக்கானிக் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அது அவருடைய சொந்த ஃபிரிட்ஜ் கதவுதான் என்றாலும். மாஸ்டர் சத்தமில்லாமல் ஒரு வெற்றுத்தாளை அவர் பக்கம் நகர்த்தினார். அவர் வெகுநேரம் பேனாவைக் கடித்தார். பிறகு, யாரையும் பார்க்காமல், 'வைத்தியர்' என்று எழுதினார்.

"ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குப் பார்க்கணும்?" என்று முணுமுணுத்தார்.

"வர்றவங்க எல்லாருக்கும்," என்றாள் அவள்.

கதை நகர்ந்தது. அடுத்த அறையில் இன்னொரு பள்ளம். நான்கு வருடமாகச் சுவரோரம் பதுங்கியே போன கொழுந்தனின் திருடன் அதன் விளிம்பில் வந்து நின்றான்.

"குதிக்கிறேன் மாஸ்டர்," என்றான். "அண்ணே இருக்காரே."

"டேய்," என்றார் மெக்கானிக், பாதி எழுந்து. "அடியில என்ன இருக்குன்னு பார்த்துட்டுப் போடா. உனக்கெல்லாம் யாரு உட்கார்ந்து கட்டுப் போடறது?"

அந்த மேசையில் அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. அவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.