பத்தொன்பது புள்ளி நான்கு

எங்கள் வேதியியல் ஆய்வகத்தில் ஜன்னலோர மேசைக்கு நான்கு ஸ்டூல்கள். மூன்றில் கேப்டனும் அவள் தோழிகள் இருவரும் உட்காருவார்கள். நான்காவது காலியாக இருக்கும். பதினோராம் வகுப்பு தொடங்கி ஐந்து மாதமாகியும் அதில் யாரும் உட்காரவில்லை. யாருக்காகவோ வைத்திருக்கிறார்கள் என்று எல்லோரும் நம்பினோம். எனக்கு அது வேண்டும். அந்த வருஷம் வேறு எதையும் நான் அவ்வளவு விரும்பவில்லை.

கேப்டன் என்றால் கைப்பந்து அணியின் கேப்டன். அவள் இன்றைக்கு முடியை எப்படிப் பின்னுகிறாளோ, நாளைக்குப் பாதி வகுப்பு அப்படிப் பின்னும். அவள் நோட்டுக்குப் பச்சை அட்டை போட்டால் கடையில் பச்சை அட்டை தீர்ந்துபோகும்.

என் இடம் கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்து மேசை. வகுப்பில் எல்லோருக்கும் பட்டப்பெயர் உண்டு, எனக்கு இல்லை. பட்டப்பெயர் வைப்பதற்கும் ஒருவரை ஒரு தடவையாவது நிமிர்ந்து பார்க்க வேண்டுமே.

ஒரு வியாழக்கிழமை தரம் பார்த்தல் சோதனை. பியூரெட் என்ற நீளமான கண்ணாடிக் குழாயிலிருந்து காரத்தை, கீழே குடுவையில் இருக்கும் அமிலத்தில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். குடுவை இளஞ்சிவப்பானதும் நிறுத்தி, எவ்வளவு இறங்கியது என்று குழாயில் படிக்க வேண்டும். கேப்டன் பயிற்சி முடிந்து தாமதமாக வந்தாள். அதற்குள் மூன்று தடவையும் செய்து முடித்திருந்தவள் நான் மட்டும்தான். வந்து நின்று, எனக்கு எவ்வளவு வந்தது என்று கேட்டாள். ஐந்து மாதத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

பத்தொன்பது புள்ளி நான்கு என்றேன். மூன்று தடவையும் அதேதானா என்றாள். அதேதான் என்றேன். எழுதிக்கொண்டாள்.

"கை நடுங்காம பண்றியே. திங்கக்கிழமைலேர்ந்து எங்க மேசைக்கு வந்துடு."

அவள் போன பிறகு ஒரே குடுவையை நான்கு தடவை கழுவினேன்.

வீட்டில் சாப்பிடும்போது இதை மூன்று முறை சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அந்த ஸ்டூலுக்கு மெத்தை ஏதாவது உண்டா என்று அப்பா கேட்டார். அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

ஞாயிறு மாலை தம்பிக்கு இருமல் மருந்து ஊற்றினேன். மருந்து மூடியில் கோடுகள் கீழிருந்து மேலே ஏறுகின்றன. ஐந்து மில்லி வரை ஊற்றியதும் எனக்குக் கை நின்றுவிட்டது. பியூரெட்டில் எண்கள் மேலிருந்து கீழே இறங்கும். நானோ சின்னக் கோடுகளைக் கீழே இருந்த பத்தொன்பதிலிருந்து மேல்நோக்கி எண்ணியிருக்கிறேன். மேலே பதினெட்டிலிருந்து எண்ணியிருந்தால் அது ஆறாவது கோடு. பதினெட்டு புள்ளி ஆறு. மூன்று தடவையும் அதே தப்பு.

"அக்கா, மருந்தைக் குடுக்கிறியா, இல்ல பாத்துட்டே இருக்கப் போறியா?" என்றான் தம்பி.

கேப்டனிடம் சொன்னால் ஸ்டூல் போய்விடும். என்னுடையதை மட்டும் திருத்தினால் அவள் மாட்டிக்கொள்வாள். தப்பு இரண்டு நோட்டில்தானே இருக்கிறது என்று தேற்றிக்கொண்டு, எதையும் திருத்தாமல் மூடி வைத்தேன்.

இரண்டு நோட்டு இல்லை. திங்கட்கிழமை மதியம் கெமிஸ்ட்ரி மிஸ், காலையில் வாங்கிப்போன நோட்டு அடுக்கைத் தூக்கி வந்து மேசைமேல் போட்டார். விடை பதினெட்டு புள்ளி ஆறு என்றார்.

"முப்பத்திரண்டு பேருக்கும் பத்தொன்பது புள்ளி நாலு. முப்பத்திரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு கண்ணா?"

மைக் சிரித்துவிட்டான். ரகசியத்தைக்கூட உரக்கச் சொல்வதால் அவனுக்கு அந்தப் பெயர். மிஸ் அவனிடமிருந்தே ஆரம்பித்தார். அவன் ஜெராக்ஸ் என்ற பையனைக் காட்டினான். ஜெராக்ஸ் தன் தொழிலை மறைக்கிறவன் இல்லை, கேப்டனின் தோழியைக் கைகாட்டினான். மிஸ் கரும்பலகையில் பெயர் வரவர ஒரு வட்டம் போட்டு, அம்புக்குறியால் இணைத்தார். கடைசி வரிசைக்காரர்கள் நடு வரிசையைப் பார்த்து எழுதியிருந்தார்கள். நடு வரிசை முன் வரிசையை. ஜன்னலோரத்தை நேராகக் கேட்க முன் வரிசைக்கு மட்டும்தான் துணிச்சல் இருந்திருக்கிறது, ஜெராக்ஸையும் சேர்த்து. யார் யாரிடம் பேசலாம் என்று நாங்கள் வாய்விட்டுச் சொல்லாத சட்டம் முழுவதும் சாக்பீஸில் தெரிந்தது.

எல்லா அம்பும் கேப்டனிடம் போய் முடிந்தது. அவள் யாரைப் பார்த்து எழுதினாள் என்று மிஸ் கேட்டார்.

"யாரையும் இல்ல மிஸ். என்னோடதுதான்."

அப்படியானால் சாயங்காலம் இருந்து எல்லாப் பியூரெட்டையும் நீயே கழுவு என்றார் மிஸ். நான்கு மணிக்கு அவளுக்குப் போட்டி இருந்தது. வகுப்பே அதைச் சொல்ல வாயெடுத்தது. அவள் மிஸ்ஸிடம் சரி என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. திரும்பி முறைத்திருந்தால் ஒருவேளை நான் பேசாமல் இருந்திருப்பேன்.

எழுந்தேன். கால் மேசையில் இடித்தது.

"மிஸ், அது என் ரீடிங். நான்தான் தப்பாப் படிச்சேன்."

எப்படி என்று கேட்டார். கரும்பலகைக்குப் போய் ஒரு பியூரெட் வரைந்தேன். கோடு கோணலாக வந்தது. கீழிருந்து எண்ணினால் நான்கு, மேலிருந்து எண்ணினால் ஆறு என்று காட்டினேன். மிஸ் என் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கேப்டனின் வட்டத்துக்கு மேலே இன்னொரு வட்டம் போட்டார். உச்சியில் அது ஒன்றுதான்.

மைக் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான்.

"மிஸ், ஜெராக்ஸ் எனக்கு அப்பான்னா, கேப்டனோட ஃபிரெண்ட் பாட்டி, கேப்டன் கொள்ளுப்பாட்டி. அப்போ இவ எனக்கு எள்ளுப்பாட்டி."

மிஸ்தான் முதலில் சிரித்தார். அதன்பின் யாராலும் நிறுத்த முடியவில்லை. ஜெராக்ஸ் எழுந்து வந்து என் காலைத் தொட்டு ஆசி கேட்டான். கேப்டன் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினாள். அன்றிலிருந்து என் பெயர் எள்ளு.

தப்பாகப் படித்தவள் ஒருத்தி, படிக்காமலே எழுதினவர்கள் முப்பத்தொரு பேர் என்று மிஸ் தீர்ப்புச் சொன்னார். எல்லோரும் அப்போதே மறுபடி செய்ய வேண்டும், அவரவர் பியூரெட்டை அவரவரே கழுவ வேண்டும். மூன்றரைக்குள் முடித்தால் போட்டிக்குப் போகலாம். ஆய்வகம் சந்தைக்கடை ஆனது. ஒருவனுக்குப் பதினெட்டு புள்ளி ஐந்து, ஒருத்திக்குப் பதினெட்டு புள்ளி ஏழு. மைக்குக்கு இருபத்தொன்று வந்தது, அதையும் உரக்கச் சொன்னான்.

நான் தொட்டிப் பக்கமே நின்றேன்.

"எள்ளு, அங்க என்ன பண்றே? திங்கக்கிழமைன்னு சொன்னேன்ல" என்றாள் கேப்டன்.

போய் நான்காவது ஸ்டூலில் உட்கார்ந்தேன். அது சட்டென்று ஒரு பக்கம் சாய்ந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒரு கால் குட்டை. அதனாலதான் யாரும் உக்கார்றதில்ல. சொல்ல மறந்துட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கேப்டன் குனிந்து, பதினெட்டில் விரல் வைத்து, மேலிருந்து ஒவ்வொரு கோடாக எண்ணத் தொடங்கினாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு... எள்ளு, ஆடாதே. மேசையும் சேர்ந்து ஆடுது."

நான் ஆடவில்லை. சிரிப்புதான் நிற்கவில்லை.