இரண்டு மீட்டரும் ஒரு பாதிப் பந்தும்

மார்ச் ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கேமரா பழுதுபார்க்கும் கடையில் இரண்டு பழைய லைட் மீட்டர்கள் விற்பனைக்கு இருந்தன.

கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கும் ஒளிப்பதிவாளர் அவற்றை மாற்றி மாற்றிக் கையில் எடுத்துப் பார்த்தாள். மறுநாள் தன் முதல் குறும்படத்தை எடுக்கப் போகிறாள். ஃபிலிம் கேமரா இரவல், அதில் வெளிச்சம் அளக்கும் வசதி இல்லை. கையில் இருப்பது ஒரே ஒரு டப்பா ஃபிலிம். கணக்குத் தப்பினால் இன்னொன்று வாங்க வழியில்லை. புது மீட்டரோ எட்டாக் கனி.

"போன்லயே இதுக்கு ஆப் இருக்காமே அண்ணி?" என்றாள் துணைக்கு வந்திருந்த நாத்தனார்.

"அது எதிர்ல இருக்கறதுல பட்டுத் திரும்பி வர்ற வெளிச்சத்தை அளக்கும். வெள்ளைச் சட்டையைக் காட்டினா ஏமாந்துடும். இதை மூஞ்சிகிட்ட வச்சா, மூஞ்சி மேல விழற வெளிச்சத்தையே சொல்லும்."

"அப்போ எங்க அண்ணன் மூஞ்சிகிட்ட வச்சுப் பாருங்க. அங்க வெளிச்சம் வந்து வருஷமாச்சு."

கடைக்காரர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

ஒன்று பேட்டரி வேண்டாத ஊசி மீட்டர். மற்றது பேட்டரியில் ஓடி எண் காட்டுவது. தலையில் வெள்ளைக் குமிழ். மறுநாள் வாடகைக்குப் போகவிருந்த தன் டிஜிட்டல் கேமராவையும், வெளிச்சத்தைச் சரிபார்க்க உதவும் ஒரு சாம்பல் நிற அட்டையையும் அவள் கொண்டுவந்திருந்தாள். வாசல் வெயிலில் அட்டையைப் படமெடுத்து ஒப்பிட்டாள். ஊசி மீட்டர் அச்சு அசலாகப் பொருந்தியது. எண் மீட்டர் ஒரு ஸ்டாப் குறைத்தது: இருக்கிற வெளிச்சத்தில் பாதிதான் இருக்கிறது என்றது.

"ஊசியே போதும்ணே, கட்டிடுங்க."

"இருங்க அண்ணி. நாளைக்கு எடுக்கப் போறது சலவைக் கடைக்குப் பின்னால இருக்கற அந்த இருட்டு வராந்தாவுலதானே? வெயில்ல எதுக்குச் சோதிக்கிறீங்க?"

அவளுக்குச் சுருக்கென்றது. கல்யாணத்துக்குப் போனால் வாசலில் நின்று கேமராவைச் சரிபார்த்துக்கொண்டு உள்ளே நுழைவது அவள் வழக்கம். உள்ளே விளக்குகள் எப்போதும் தேவைக்கு மேலேயே எரியும்.

மூவரும் சரக்கு அறைக்குப் போனார்கள். அங்கே ஒரே ஒரு குண்டு பல்பு. ஊசி அசையவே இல்லை.

"பழசாச்சும்மா. மங்கின வெளிச்சத்துல எந்திரிக்காது" என்று கடைக்காரர் ஒப்புக்கொண்டார்.

எண் மீட்டர் அங்கேயும் ஒரு ஸ்டாப் குறைத்தது. டியூப் லைட்டுக்கு அடியிலும் அதே ஒன்று. ஜன்னலோரத்திலும் அதே.

ஏன் என்ற கேள்வி அவளை விடவில்லை. குமிழைக் கண்ணருகே கொண்டுபோய்த் திருப்பினாள். ஓரத்தில் நீல நிறத்தில் பாதி நட்சத்திரம் தெரிந்தது.

"அண்ணே, இது என்ன?"

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "ஒரிஜினல் மூடி உடைஞ்சு போச்சும்மா. நட்சத்திரம் போட்ட டேபிள் டென்னிஸ் பந்தைப் பாதியா வெட்டி ஒட்டினேன். கொஞ்சம் தடிமன்தான்."

"மீதிப் பாதி எங்கண்ணே?" என்றாள் நாத்தனார். "இன்னொரு மீட்டருக்கு ஒட்டி வித்துட்டீங்களா?"

"போன மாசமே."

பந்து எங்கே வைத்தாலும் பாதி வெளிச்சத்தை விழுங்குகிறதென்றால், மீட்டரில் ஃபிலிமின் வேகத்தை, அதாவது அது வெளிச்சத்தை வாங்கும் திறனை, இரண்டு மடங்காக வைத்துவிட்டால் போதும். மனதுக்குள் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தாள். சரியாக வந்தது.

"இதையே குடுங்க."

"பொய் சொல்லுதுன்னு தெரிஞ்சேவா?" என்றாள் நாத்தனார்.

"ஒரே பொய்யைத்தானே சொல்லுது. உங்க அண்ணன் மாதிரி தினம் ஒண்ணா சொல்லுது?"

மறுநாள் இருநூறு வேக ஃபிலிமுக்கு மீட்டரில் நானூறு வைத்து அவள் வராந்தாவில் படம் எடுத்தாள். அடுத்த மாதம் ஆய்வகத்திலிருந்து சுருள் வந்தது. எல்லா ஷாட்டிலும் வெளிச்சம் சரியாக இருந்தது. இரண்டில் ஃபோகஸ் இல்லை.