தகரத்துக்குக் கீழே முப்பத்தொன்பது

எழுபத்தெட்டுச் சூறாவளி எங்கள் பாடசாலையின் தென்னங்கிடுகுக் கூரையை அள்ளிக்கொண்டு போனபோது, முதலில் கைகொடுத்தவர் அச்சிமுகம்மது போடியார்தான். நிந்தவூரில் பாதி வயல் அவருடையது என்பார்கள். ஐந்தாம் வகுப்புக் கொட்டில் முழுவதற்கும் புதுத் தகரம் போட்டுத் தந்தார். முகப்பில் அவர் பெயரைப் பச்சை மையால் எழுதினோம். எல்லாம் நல்ல காரியந்தான். ஆனால் மழைக்கு ஒழுகாத தகரம் அனலாய் வீசும் கச்சான் காற்றுக் காலத்தில் என்ன செய்யும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

கச்சான் வந்ததும் பிள்ளைகள் வாடிப் போனார்கள். காலை இடைவேளைக்குப் பிறகு நான் சொல்வது ஒன்றும் காதில் ஏறவில்லை. இரண்டு பேர் மயங்கியே விழுந்தார்கள். தகரத்தின் மேல் கிடுகு பரப்பினால் போதும் என்று அதிபர் அப்துல் கபூரிடம் சொன்னேன். அவருக்கு முகம் வெளிறிவிட்டது.

"போடியார்ர தகரத்த மறைக்கயா? அது அவரச் சபையில வச்சு அவமானப்படுத்தின மாதிரி, சுபைறா டீச்சர். அவர் வாயால ஓம் எண்டு செல்லட்டும், செய்வம்."

"அப்ப அவர ஓம் எண்டு செல்ல வைப்பம் சேர்," என்றேன். எனக்குக் கோபம் வந்தால் கூடவே வழியும் வந்துவிடும்.

அந்த நாட்களில்தான் கல்விக் கந்தோரிலிருந்து ஒரு வெப்பமானி வந்திருந்தது. பலகையில் பதித்த கண்ணாடிக் குழாய், உள்ளே சிவப்புக் கோடு. ஆஸ்பத்திரியில் கண்ட பழக்கத்தில் ஒருவன் அதை உதறினான். ஒருத்தி கக்கத்தில் வைக்கப் பார்த்தாள். பறித்தெடுத்துச் சுவரில் மாட்டினேன். வாங்குப் பலகையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையின் தலை எந்த உயரத்திலோ அந்த உயரத்தில். வேகிறது அந்தத் தலைதானே.

குமிழைத் தொடக்கூடாது, கோடு ஏறி ஓயும்வரை பொறுக்க வேண்டும் என்று இரண்டு விதிகளை நான் சொல்லிக் கொடுத்தேன். மூன்றாவதை என் வகுப்புப் பிள்ளை சுஹறா கண்டுபிடித்தாள். நின்று பார்த்த பையன்கள் முப்பத்தேழு பாகை என்றார்கள். வாங்கில் இருந்த அவள் முப்பத்தொன்பது என்றாள். வகுப்பு இரண்டுபட்டது. அவள் ஒருதரம் எழுந்து பார்த்தாள், ஒருதரம் இருந்து பார்த்தாள்.

"மேல நிண்டு பாத்தா குறைச்சுக் காட்டுது டீச்சர். கண்ணக் கோட்டுக்கு நேரா வச்சாத்தான் சரி."

அன்றைக்கு நான் பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. வேப்பமரத்தடியில் மாட்டிப் பார்த்தோம், முப்பத்துமூன்றுதான். பிள்ளைகள் விஞ்ஞானம் படிப்பதைப் பார்க்க வாருங்கள் என்று போடியாருக்கு ஆளனுப்பினேன். அவர் முன்னால் சுஹறாதான் வாசிக்க வேண்டும் என்றும் முடிவு செய்தேன்.

அதிபர் பதறிக்கொண்டு வந்தார். "சுஹறாவ வாசிக்க விடாதீங்க. அவள்ர வாப்பா றஸாக் போடியார்ர வயலில முல்லைக்காரன். கூலிக்காரர மேய்க்கிற அந்த வேல போனா அதுகள் என்னத்தத் திங்கிற?"

இது எனக்குச் சுருக்கென்றது. சுஹறாவைக் கூப்பிட்டு ஒளிக்காமல் சொன்னேன். இன்னொருவர் வாசிக்கட்டுமா என்றும் கேட்டேன். விளங்காத ஆளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

"ஆரு வாசிச்சாலும் அது முப்பத்தொன்பதுதானே டீச்சர்?"

வாப்பாவிடமும் கேட்டு வரச்சொல்லி அனுப்பினேன். மறுநாள், "வாப்பாட்ட கேட்டியா?" என்றேன்.

"கேட்டன். உள்ளதச் செல்லு எண்டார்."

நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்கு முன் போடியார் வந்தார். வெள்ளைச் சாரன், தோளில் சால்வை, தொப்பி, கையில் குடை. சுஹறா மரத்தடியிலிருந்து வெப்பமானியைக் கொண்டுவந்து சுவரில் மாட்டினாள்.

"வாங்கில இரிங்க போடியார். கோடு ஏறி ஓயணும்."

அவர் சின்ன வாங்கில் ஒடுங்கி இருந்தார். கோடு ஏறிக்கொண்டே இருந்தது. சால்வையால் ஒருதரம் கழுத்தைத் துடைத்தார், பிறகு துடைப்பதை நிறுத்தவே இல்லை.

"எவ்வளவு புள்ள?"

"முப்பத்தொன்பது. மரத்தடியில முப்பத்திமூணு."

"ஆர்ர மகள் நீ?"

"முல்லைக்காரர் றஸாக்கிட மகள்."

அதிபர் நிலத்தைப் பார்த்தார். போடியார் எழுந்து சுவரடிக்குப் போனார். "பொய். முப்பத்தேழிலதானே நிக்கிது?"

"நிண்டு பாத்தா அப்பிடித்தான் காட்டும். குனிஞ்சு பாருங்க போடியார்."

நிந்தவூரில் அவரைக் குனியச் சொன்ன ஆள் அதுவரை கிடையாது. றஸாக்கின் வேலை போயிற்று என்றே நினைத்தேன். சுஹறாவோ அவருக்கு இடம் விட வாங்கை இழுத்துக்கொண்டிருந்தாள்.

அவர் முழங்காலில் கைவைத்து, முனகிக்கொண்டு குனிந்தார். அவர் முகம் ஒரு பிள்ளையின் முகம் இருக்கும் இடத்துக்கு வந்தது. கோட்டைப் பார்த்த பிறகும் அவர் நிமிரவில்லை.

"இந்த உசரத்திலயா புள்ளயள் இருக்குதுகள்?"

"ஓம்," என்றேன்.

"பகல் முழுக்கயா?"

"ஓம். பள்ளி விடுமட்டும்."

போடியார் நிமிர்ந்தார். வைத்திருந்த தேநீரையும் தொடாமல் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். "முடிஞ்சிது டீச்சர்," என்றார் அதிபர்.

மறுவாரம் கிடுகு நிறைந்த வண்டியொன்று வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் றஸாக்.

"போடியார் அனுப்பினார். ஒரு விசயம் மட்டும் செல்லச் சொன்னார், டீச்சர். முகப்பில அவர்ர பேர மறைச்சுப் போடப்படாதாம்."

நான் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். பெயரை விட்டுவிட்டு மற்றதெல்லாம் மூடினோம்.

சில நாள் கழித்து, நல்ல வெயில் நேரத்தில், போடியார் சொல்லாமல் கொள்ளாமல் வகுப்புக்குள் வந்தார். சுஹறா எழுந்து, "முப்பத்திநாலு," என்றாள். அவர் அதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. சுவரடிக்கு வந்து, சால்வையை ஒதுக்கி, ஒருவரும் சொல்லாமலே முழங்காலில் கைவைத்துக் குனிந்தார்.

"சரிதான்," என்றார். "றஸாக்கிட மகள் சரியாத்தான் வாசிக்காள்."