கட்டைவிரல் தடம்

குற்றாலம் மெயின் அருவிக்குப் போகும் வழியில், தகரக் கூரைக்குக் கீழே கிடந்த பலகையில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் குப்புறப் படுத்திருந்தார். மாரிச்செல்வம் அவர் முதுகில் எண்ணெயை ஊற்றி, தோளிலிருந்து இடுப்பு வரை இரண்டு உள்ளங்கையாலும் வழித்து இழுத்தான். ஆனிச் சாரல் நன்றாகப் பிடித்திருந்தது. எண்ணெய்த் தேய்க்கும் உரிமையை ஏலம் எடுத்திருந்த செல்லப்பா முந்தாநாளே சொல்லிவிட்டார், சீசனில் இனி ஒரு நாள் வராவிட்டாலும் பலகை வேறு ஆளுக்கு என்று. அதனால்தான் மகள் ஜெயபிரியா மதுரை ஆஸ்பத்திரியில் மறுபடி படுத்திருக்க, மாரி இங்கே நின்றான். பிள்ளையோடு மனைவி காளீஸ்வரி மட்டும் இருந்தாள்.

போன புரட்டாசியில் பிரியா கால் வலிக்கிறது என்று அழுதாள். ஊராருக்கெல்லாம் கால் பிடித்துவிடுகிறவன் சொந்தப் பிள்ளைக்குப் பிடிக்காமல் இருப்பானா? பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தினமும் எண்ணெய் போட்டுத் தேய்த்தான். கொஞ்ச நாளில் கெண்டைக்கால் நீலம் நீலமாகக் கன்றிப்போனது. "பச்சப்பிள்ள காலப் பாறைன்னு நெனச்சு அமுக்குதீய" என்று காளீஸ்வரி வைதாள். அவனும் தன் விரலைத்தான் குற்றம் சொன்னான். காய்ச்சல் விடாமல், முகம் வெளுத்து, விரலே படாத முதுகிலும் கன்றி, ஈறு வீங்கி, பல் தேய்க்கையில் ரத்தம் கொட்டிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

பக்கத்துக் கட்டிலில் தென்காசியிலிருந்து வந்திருந்த பாரூக்கின் மகன் ஆதம் கிடந்தான். அவனுக்கும் அதே விடாத காய்ச்சல், அதே கால் வலி, அதே வெளுத்த முகம். கழுத்தில் நெறி வேறு கட்டியிருந்தது. இரண்டும் ரத்தப் புற்றுநோய்தான், வகை வேறு என்றார் டாக்டர். ஆதமுக்கு வந்தது பெரும்பாலான பிள்ளைகளுக்குக் குணமாகிவிடும். பிரியாவுக்கு வந்தது முரண்டு பிடிப்பது, போனாலும் திரும்பி வரக்கூடியது. தான் தாமதமாகக் கூட்டி வந்ததாலா என்று மாரி கேட்டான். யார் தப்பும் இல்லை என்றார் அவர். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. தப்பு என்று ஒன்று இருந்திருந்தால் ஆறியிருப்பான்.

"நோயிலகூட அவன் பிள்ளைக்கு நல்லதாப் பாத்து வந்திருக்கு" என்றான் காளீஸ்வரியிடம்.

"அப்படிப் பேசாதீய. அதுவும் பிள்ளதான."

ஆனால் பாரூக்கின் மனைவி ஹஸீபா கொடுத்த பேரீச்சம்பழப் பொட்டலத்தை அவளும் பிரிக்கவில்லை. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியிலேயே கிடந்து தேறி வந்த பிரியா, வைகாசியில் மறுபடி நோயில் விழுந்தாள்.

"மாரியண்ணே."

கோயம்புத்தூர்க்காரர் எழுந்து போன பலகைக்கு முன்னால் பாரூக் நின்றான். தோளில் ஆதம். தலையில் முடி கருகருவென்று முளைத்திருந்தது. இப்போது வீட்டிலிருந்தே மாத்திரைதானாம். கூட்டத்தில் குளிக்கக் கூடாதாம், அருவியைத் தூரத்தில் நின்று காட்டக் கூட்டி வந்தானாம். பிரியா எப்படி இருக்கிறாள் என்று கேட்டான். இருக்கா, என்றான் மாரி.

"டாக்டர்ட்ட கேட்டுட்டேன், எண்ண தேய்க்கலாம்னுட்டாவ. உங்க கையால ஒருக்கா தேச்சு விடுங்கண்ணே. ஆசப்படுதான்."

ஆதம் பலகையில் ஏறிக் காலை நீட்டினான். "மாமா, கிச்சுகிச்சு மூட்டக் கூடாது."

குச்சியாக இருந்த கால்களில் சதை திரண்டிருந்தது. மாரி கெண்டைக்காலில் கட்டைவிரலை வைத்தான். கோயம்புத்தூர்க்காரருக்குக்கூடக் கொடுக்காத அழுத்தத்தைக் கொடுத்தான்.

"பைய, மாமா." பையன் காலை இழுத்துக்கொண்டான்.

மாரி விரலை எடுத்துவிட்டு அந்த இடத்தையே பார்த்தான். தடம் வெளுத்து, சிவந்து, தோலின் நிறத்துக்குத் திரும்பியது. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தான். நீலம் வரவில்லை.

மிச்சத்தை மெதுவாகத் தேய்த்து முடித்தான். பாரூக் சட்டைப்பைக்குள் கை விட்டபோது வேண்டாமென்று தலையை ஆட்டினான்.

அவர்கள் போனதும் போன் அடித்தது. எண்ணெய்க் கையில் அது வழுக்கியது. மறுமுனையில் காளீஸ்வரி; போனைப் பிள்ளையிடம் கொடுத்தாள்.

"கால் வலிக்குப்பா. வந்து தேச்சு விடு."

"வாரேன்ட்டி."

ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் குறைந்துவிட்டன, இனி அந்தக் காலை யாரும் அமுக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைப் பிரியாவிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.

"எப்பப்பா வருவ?"

"ஏலே மாரி, ஆளு நிக்காவ" என்றார் செல்லப்பா.

பலகையில் யார் வீட்டுப் பெண்பிள்ளையோ, பிரியா வயசுதான் இருக்கும், இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு காத்திருந்தது.