மூக்கு சொன்னது மட்டும்

"உருட்டி வைங்க, திணிக்காதீங்க," என்றாள் வீட்டுக்கு வந்திருந்த செவிலி.

மாப்பிள்ளை பஞ்சை விரல்நுனியில் உருட்டினான். பதினொரு வருடத்தில் மாமனாரின் முகத்தை அவன் இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. அவர் இருக்கும் அறைக்குள் அவன் நுழைந்தால் அவர் கடிகாரத்தைப் பார்ப்பார். அதுதான் இருவருக்கும் இடையில் நடந்த பேச்சுவார்த்தை. பஸ் கண்டக்டர் வேலையில் ஒரு நாளைக்கு எண்ணூறு பேரோடு பேசுகிறவன், இந்த வீட்டு வாசலை மிதித்ததும் வாயில் கொழுக்கட்டை வைத்தவனாகிவிடுவான். இப்போது அந்த மூக்கை, ஊரே பேர் வைத்துக் கூப்பிட்ட மூக்கை, அடைக்கும் பொறுப்பு அவனிடம் வந்து சேர்ந்திருந்தது.

மாமனாரை ஊர் மூக்கர் என்றுதான் அழைத்தது. முப்பது வருடம் நிலம் அளந்து ஓய்வு பெற்றவர். கால்வாய்க்கு அப்பால் பன்றிப் பண்ணை வந்தபோதுதான் அவருக்கு இரண்டாவது உத்தியோகம் கிடைத்தது. ஜன்னலே இல்லாத ஆறு தகரக் கொட்டகைகள். உள்ளே நாலாயிரம் பன்றிகள் என்றார்கள். ஊரில் ஒருவரும் ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் தார்ப்பாய் மூடிய லாரி. கேட்டதெல்லாம் கத்தல். மிச்சமெல்லாம் மூக்குக்கு.

இன்னும் பன்னிரண்டு கொட்டகைகளுக்குப் பண்ணை அனுமதி கேட்டதும் ஊர் எதிர்த்து மனு கொடுத்தது. ஒரு வருடம், தினம் மூன்று வேளை, ஒரே இடத்தில் நின்று, வாடை எவ்வளவு என்று ஒரு வரி விடாமல் எழுதிக் கொண்டுவாருங்கள், ஒரு வரி விட்டாலும் செல்லாது என்றது மனுவை வாங்கிய அலுவலகம். கேட்டதும் ஓடிவிடுவார்கள் என்று நினைத்திருப்பார்கள். மூக்கரை அவர்களுக்குத் தெரியாது. காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு. பூஜ்யம் என்றால் வாடை இல்லை, ஐந்து என்றால் நிற்க முடியாது. காய்ச்சலிலும் போனார், மழையிலும் போனார். இன்று பகல் பன்னிரண்டு மணி வரியோடு வருடம் நிறைகிறது. பன்னிரண்டே காலுக்கு அதிகாரி வந்து பதிவேட்டை வாங்கிக்கொள்வார்.

காலை ஆறு மணி வரியை எழுதிவிட்டு வந்து, டீ குடித்து, நாற்காலியில் சாய்ந்தார். எட்டு மணிக்கு, முந்தின நாளே வந்திருந்த மகள், "அப்பா, குளிக்கலையா?" என்று கேட்டாள். தோளைத் தொட்டாள். மூச்சு இல்லை.

அந்த எட்டு மணியிலிருந்து இன்னொன்றும் இல்லை. வீட்டில் கூடியிருந்தவர்கள் அழுகைக்கு நடுவே தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள். எதற்காகப் பார்க்கிறோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் மனைவிதான் அவன் காதருகே வந்தாள்.

"என்னங்க, கேக்குதா?"

"என்னது?"

"அதான். ஒண்ணுமே கேக்கலையே. இந்நேரம் கத்திக் கத்தி உயிரை எடுக்குமே."

அவன் காது கொடுத்தான். பண்ணை மின்விசிறிகளின் ரீங்காரம் மட்டும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒருவர் முனகுவதைப்போல.

"தூங்குதோ என்னவோ," என்றான்.

"நாலாயிரமும் ஒண்ணாவா?"

பதில் சொல்வதற்குள் தையற்காரர் அவன் சட்டையைப் பிடித்துக் கொல்லைப்பக்கம் இழுத்துப் போனார். எதிர்ப்புக் குழுவின் செயலாளர் அவர்தான். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. சாவு வீட்டுக்கு ஓடிவந்த அவசரம்.

"மாப்பிள்ளை, மணி பதினொண்ணே முக்கால். நீங்கதான் போகணும்."

"நானா? குழுவுல யாராவது..."

"அவர் முடியாமப் போனா அவர் வீட்டு ஆள் எழுதலாம்னுதான் ஆபீஸ்ல எழுதிக் கொடுத்திருக்கான். அத்தையை இந்த நேரத்துல அனுப்ப முடியுமா? உங்க பொண்டாட்டியை அனுப்ப முடியுமா? வேற வேலையா இருக்கீங்க நீங்க?"

கேள்வியில் நியாயம் இருந்தது. மாப்பிள்ளைக்கு அந்த வீட்டில் எப்போதுமே வேறு வேலை இருந்ததில்லை.

"அங்க போய் நிக்கறதெல்லாம் வேண்டாம்," என்று தையற்காரர் குரலைத் தாழ்த்தினார். "அஞ்சுன்னு போட்டுட்டு வந்துடுங்க. கடைசி வரி. அதிகாரி மொதல்ல அதைத்தான் பாப்பான்."

"மாமா அப்படிப் போட்டிருப்பாரா?"

"அவரா? போன மாசம் நாலு நாள் பூஜ்யம் போட்டிருக்காரு மனுஷன்! காலைப் புடிச்சுக் கெஞ்சினேன். 'பூஜ்யம் இருக்கறதாலதான்யா அஞ்சை நம்புவான். மூக்கு சொன்னதை மட்டும்தான் எழுதுவேன்'னு கதவைச் சாத்திட்டாரு." தையற்காரர் நாடாவின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒத்தை மனுஷன் மாப்பிள்ளை. பன்னெண்டு கொட்டகையை ஒத்தை மூக்கால நிறுத்தி வெச்சிருந்தாரு."

வாசலில் கிடந்த செருப்புக் குவியலில் மாப்பிள்ளையின் செருப்பு யார் காலோடோ போயிருந்தது. மாமனாருடையதை மாட்டிக்கொண்டான். ஒரு அளவு பெரிது. நடந்தால் சரக் சரக்கென்று தேய்ந்தது.

தையற்காரர் கையில் திணித்த பதிவேட்டை வழியில் பிரித்தான். தேதி, நேரம், காற்று, எண், குறிப்பு. எல்லாம் எறும்பு ஊர்வதைப்போல நேர்கோட்டில். குறிப்பில் பெரும்பாலும் ஒன்றிரண்டு வார்த்தைகள். 'ஈரக்காற்று.' 'லாரி வந்தது.' பாதி வருடத்தில் ஒரு மாலை வரிக்கு எதிரே அவன் கண் நின்றது.

'எண் 2. மாப்பிள்ளை வந்திருக்கிறார். வீட்டில் சிரிப்புச் சத்தம். பார்த்துக்கொண்டு நின்றதில் ஐந்து நிமிடம் தாமதம்.'

மறுபடி படித்தான். வருடம் முழுவதும் அவர் தாமதித்தது அந்த ஒரு நாள்தான். கால்வாய்ப் பாலத்தில் உட்கார்ந்தான். இறந்த செய்தி வந்தபோதும் அழாதவன், மூன்று பஸ் மாறி வந்தபோதும் அழாதவன், ஐந்து நிமிடத் தாமதத்துக்குக் குழந்தையைப்போல விக்கி விக்கி அழுதான். நல்லவேளை, பாலத்தில் ஆள் இல்லை.

எழுந்து மேலும் புரட்டினான். கடைசி இரண்டு மாதக் குறிப்புகள் வேறு மாதிரி இருந்தன.

'மூன்றாம் கொட்டகை. ஒன்று இருமுகிறது.'

'நான் வந்தால் சத்தம் நிற்கிறது.'

'நான் நடந்தால் உள்ளே கூடவே நடக்கின்றன.'

'எனக்குச் சளி. மூக்கு வேலை செய்யவில்லை. எண் இல்லை. கேட்டதை எழுதுகிறேன்: இருமுவது இன்றும் வந்தது.'

பதிவேட்டை மூடினான். மூன்றாம் கொட்டகையின் பின்சுவரை ஒட்டி மாமனார் நட்ட முளைக்குச்சி தெரிந்தது. அங்கேதான் நிற்க வேண்டும். வெயில் படாத பக்கம். மணி பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம்.

சரக் சரக்கென்று நடந்தான். தகரத்துக்கு அந்தப் பக்கம் ஏதோ தொடங்கியது. முதலில் தூறல் விழுவதைப்போல. பிறகு மழையே. குளம்புகள். கொட்டகையின் மறுகோடியிலிருந்து அவன் பக்கமாக ஓடி வந்தன. ஒன்றுகூடக் கத்தவில்லை. அவன் நின்றான். அவையும் நின்றன.

அதன் பிறகு மூச்சு. நூற்றுக்கணக்கான மூச்சு, ஒரு தகரத்தின் கனத்துக்கு அப்பால்.

ஓடிப்போகலாமா என்று யோசித்தான். கால்தான் முதலில் யோசித்தது. ஆனால் செருப்பு பெரிது, ஓடினால் விழுவோம் என்பதால் வீரனாக நின்றான்.

பன்னிரண்டு. மூக்கை உறிஞ்சினான். ஒன்றும் இல்லை. மறுபடி உறிஞ்சினான். அழுத அழுகையில் மூக்கு சுத்தமாக அடைத்துக் கிடந்தது. சுவருக்கு ஒரு முழம் தள்ளி நின்றும் அவனுக்கு வாடை என்று எதுவும் வரவில்லை. இந்த இடத்தில் ஐந்துக்குக் குறையாது என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எழுதினால் ஒரு பயலும் சந்தேகப்படமாட்டான். எழுதாவிட்டால் தையற்காரர் அளவு நாடாவாலேயே தூக்கு மாட்டிவிடுவார். கடைசி வரி. பன்னிரண்டு கொட்டகை.

ஆயிரத்துத் தொண்ணூற்று நாலு வரிகளை அவர் எழுதியிருந்தார். ஒன்றே ஒன்று அவனுக்கு.

முளைக்குச்சியின் பக்கத்தில் குந்தி, பதிவேட்டை முட்டியில் வைத்து எழுதினான்.

'பகல் 12. காற்று மேற்கு. மூக்கு அடைத்திருக்கிறது. எண் இல்லை.'

குறிப்புப் பகுதியில் பேனா நின்றது. அடைப்புக்குக் காரணம் எழுத வேண்டுமோ என்று யோசித்தான். எழுதவில்லை. கேட்டதை எழுதினான்: 'எல்லாம் இந்தப் பக்கம் வந்து நிற்கின்றன. சத்தம் இல்லை.'

உள்ளே, மிகப் பக்கத்தில், ஒன்று இருமியது.

எழுந்திருக்க இடதுகையைத் தகரத்தில் ஊன்றினான். நிழலில் கிடந்த தகரம் சில்லென்று இருந்திருக்க வேண்டும். உள்ளங்கை பட்ட இடம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. அவன் எழவில்லை.

பாலத்துக்கு அப்பால் அதிகாரியின் வண்டி ஹாரன் அடித்தது. அவன் கையை ஒரு சாண் தள்ளி வைத்தான். அங்கே தகரம் சில்லென்றுதான் இருந்தது. உள்ளே ஒரு குளம்பு நகர்ந்தது. அங்கேயும் மெல்லச் சூடு ஏறியது.